ஒரு பகல் பாக்கி

வீரராகவனின் வலது காதில் எப்போதும் ஓர் ஈர்க்குச்சி செருகியிருக்கும். தென்னந்துடைப்பத்திலிருந்து உருவி, விரல் நீளத்துக்கு ஒடித்து, நுனியைப் பல்லால் கடித்து மழுக்கி வைத்திருப்பான். கல்யாணமான புதிதில் கன்னியம்மாள் அதைப் பல் குத்தும் குச்சி என்றுதான் நினைத்தாள். பிறகுதான் கவனித்தாள், அவன் பல் குத்துவதே இல்லை. ஓட்டை என்று எதைக் கண்டாலும் குச்சி காதிலிருந்து இறங்கிவிடும். பூட்டின் சாவித் துவாரம், விளக்கின் திரிக்கண், சுவரில் குளவி குடைந்த பொந்து என்று எதையும் விடமாட்டான். தீபாவளிக்கு முறுக்கு பிழிய அவள் உரலை எடுத்தால், அச்சின் கண் ஒவ்வொன்றையும் குத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பான்.

“இன்னாய்யா இது, முறுக்கு அச்சுலயா உங் கம்பெனி காஸு வரப்போது?”

“அடச்சிக்கினா கோணலா வரும், கன்னிம்மா. எதுவும் அடச்சிக்கக் கூடாது.”

அவளுக்குச் சிரிப்பாக வரும். எத்தனையோ வருஷம் அந்தக் குச்சியைப் பார்த்துச் சிரித்தாள். பிற்பாடு ஒரு நாள், இரண்டு காதிலும் காதுக்கொன்றாகக் குச்சியைச் செருகிக்கொண்டு அவன் வாசலில் வந்து நின்றபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் கள்ளிக்குப்பத்துக்காரன். ஏரிப் பாசனத்தில் இருந்த நிலத்தை அண்ணன் தம்பிகள் பங்கு போட்டபோது, அவனுக்கு வந்தது வரப்பு மட்டும்தான் என்று ஊரில் சொல்வார்கள். அயனம்பாக்கத்திலிருந்து கன்னியம்மாளைக் கட்டிக்கொண்ட கையோடு, சென்னீர்குப்பத்தில் பெங்களூர் ரோட்டை ஒட்டியிருந்த கண்ணாடிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். மருந்து பாட்டில் ஊதுகிற கம்பெனி அது. ஊதுவது வேறு ஆட்கள். இவன் வேலை, உலைக்குத் தீ கொடுக்கிற பர்னரைப் பார்த்துக்கொள்வது.

கம்பெனியின் பின்பக்கம் இரண்டு ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை நிற்கும். அதன் வயிற்றில் சவுக்குக் கரி கனன்றுகொண்டேயிருக்கும். அதை எரிய விடமாட்டார்கள். போதாத காற்றைக் கொடுத்தால் கரி புழுங்கி ஓர் ஆவியை விடும். அதுதான் காஸ். பெரிய குழாய் வழியாக அது உலைக்கு வந்து, பர்னரின் வட்ட வாயில் இருக்கும் கண்களில் புகுந்து காற்றோடு கலந்து எரியும். நீலமாக நின்று எரிந்தால் சுகம். மஞ்சளாகி நாக்கை நீட்டினால் காற்று போதவில்லை. வாயை விட்டு எழும்பித் துடித்தால் காற்று மிஞ்சிவிட்டது. ‘டப்’பென்று பின்வாங்கினால் காஸ் இளைத்துவிட்டது. இதையெல்லாம் கன்னியம்மாள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவள் அடுப்பு மூட்டும்போதெல்லாம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பாடமாகிவிட்டது.

அந்த ஆவிக்கு நிறம் கிடையாது. கரி நாற்றம் எந்நேரமும் அடிக்கிற இடத்தில் அதன் வாசம் தனியாகவும் தெரியாது. கொஞ்சம் உள்ளே போனால் தலை கனக்கும். நிறையப் போனால் தூக்கம் வருவது போல வந்து ஆளைக் கொண்டுபோய்விடும்.

பர்னருக்கு ஒரு முழம் முன்னால், பெரிய குழாயின் முதுகில், விரல் கனத்தில் ஒரு பித்தளைக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. ஆட்கள் அதற்குச் சின்னவன் என்று பேர் வைத்திருந்தார்கள். உலைத் தீ சோர்ந்தால் முதலில் சின்னவனைத்தான் கேட்க வேண்டும். வாயைக் குச்சியால் குத்து, திருகைத் திற, நெருப்பைக் காட்டு. இந்த வரிசை மாறக் கூடாது. சின்னவன் நின்று எரிந்தால் காஸ் வருகிறது, கோளாறு பர்னர் கண்ணில் இருக்கிறது. எரியவில்லை என்றால் காஸ் வரவில்லை. வழியில் எங்கோ தார் படிந்து குழாய் அடைத்திருக்கிறது. பெரிய குழாயின் மூடியைத் திறந்து சுரண்டலாம், பயமில்லை. இரும்புக் கம்பியால் குத்தினால் கண் பெரிதாகித் தீ அடங்காது என்றுதான் வீரராகவன் ஈர்க்குச்சிக்கு வந்தான்.

உலையை அவிக்கவே கூடாது. அவித்தால் உள்ளே கண்ணாடி உருகும் மண் பானைகள் குளிர்ந்து வெடித்துவிடும். அதனால் பர்னர்க்காரர்கள் இரண்டு பேர், முறை வைத்துப் பார்ப்பார்கள். வீரராகவன் ஒருவன். இன்னொருவர் பூந்தமல்லி அன்வர் பாஷா. இவனைவிட மூத்தவர், தொந்தியும் சிரிப்புமாக இருப்பார். தனக்கென்று குச்சி வைத்துக்கொள்ளமாட்டார். முறை மாறும்போது வீரராகவன் தன் காதிலிருந்து எடுத்து அவர் காதில் செருகிவிட்டு வருவான். மறுமுறை அவர் எடுத்து இவன் காதில் செருகுவார். “ஒரே குச்சிக்கு ரெண்டு புருசன்” என்று பாட்டில் ஊதுகிறவர்கள் கேலி செய்வார்கள்.

பண்டிகை வந்தால் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. ஆயுத பூசையன்று பகல் முழுக்க அன்வர் பாஷா பார்த்துக்கொள்வார். பக்ரீத் அன்று பகல் முழுக்க வீரராகவன் பார்த்துக்கொள்வான். யாரும் சொல்லி வந்ததல்ல. ஒரு வருஷம் அவர் “நீ போ நைனா, சாமி காத்துக்கினு கீது” என்று அனுப்பினார். அடுத்த பக்ரீத்துக்கு இவன் “நீ போ பாய்” என்றான். அப்படியே வழக்கமாகிவிட்டது. பூசையன்று சாயங்காலம் சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் கம்பெனிக்குப் போகும். பக்ரீத் அன்று அவர் மனைவி அஷ்ரஃபுன்னிசா கட்டிக் கொடுத்த கறிச்சோறு வரும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக் கூடாரங்கள் முளைத்திருந்தன. அந்த வருஷம் கம்பெனிக்குப் பட்டாளத்து மருந்து பாட்டில் ஆர்டர் வந்திருந்ததால் ஆயுத பூசை தடபுடலாக நடந்தது. வழக்கமாக ஒரு சிட்டிகை குங்குமத்தோடு முடியும். அன்று கல்லில் அரைத்த சந்தனம் கிண்ணம் கிண்ணமாக வந்தது. ஆட்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். கன்னியம்மாளும் போயிருந்தாள். சாமிப் படத்துக்கு முன்னால் ஒரு பலகையில் ஸ்பானரும் உளியும் சுத்தியலும் ஊதுகுழலும் வரிசையாக இருந்தன. பூசையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. ஆயுதத்துக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டுமே.

மேஸ்திரி உலகநாதன் பலகையை ஒரு நோட்டம் விட்டார்.

“பிட்டர் ஸ்பானர வெச்சிட்டான், தச்சன் உளிய வெச்சிட்டான். ஏன்டா வீரராகவா, உனக்கு ஏதுடா ஆயுதம்? காதுல கீற தொடப்பமா?”

கூட்டம் சிரித்தது. கன்னியம்மாளும்கூடச் சிரித்தாள். அவன் முகம் சிவந்துவிட்டது. காதிலிருந்து குச்சியை எடுத்தான். இரண்டு ஸ்பானருக்கு நடுவில் வைத்தான். அதன் நுனியில் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமமும் வைத்தான்.

“அய்ய, தொடப்பக்குச்சிய யாராவது சாமிகிட்ட வெப்பாங்களா?” என்று கன்னியம்மாள் அவன் காதுக்குள் சொன்னாள்.

“எனக்குச் சோறு போட்றது அதான். வெச்சா இன்னா?”

பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உலைப்பக்கம் போனான். அன்று அவன் கை தாராளமாக இருந்தது. உருளைக்குப் பூசினான். பெரிய குழாய்க்கும் திருகுகளுக்கும் பூசினான். சின்னவனுக்கு நெற்றியில் பூசுவது போல அழுத்திப் பூசினான். அந்தக் குழாய்க்கு நெற்றி எது, வாய் எது?

கற்பூரம் காட்டி முடியும் வரை அன்வர் பாஷா வெளியில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். முடிந்ததும் உள்ளே வந்து, வழக்கப்படி காதைக் காட்டினார்.

“இன்னா நைனா, உன் காது காலியா கீது?”

“இன்னிக்கி அதுவும் சாமிகிட்ட கீது பாய்.”

“அப்ப எனக்கு?”

“ஒரு பகல்தான. நேத்துதான் எல்லாக் கண்ணையும் குத்தி உட்டேன். அடைக்காது.”

அவர் சிரித்தார். “சரி போ. சாமிகிட்டயா புடுங்க முடியும்? பொங்கல்ல முந்திரி நெறயப் போடச் சொல்லு தங்கச்சிய.”

மத்தியானத்துக்கு மேல் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. வெளிச்சம் இருக்கும்போதே கன்னியம்மாள் தூக்கில் பொங்கலும் இலையில் சுண்டலும் எடுத்துக்கொண்டு கணவனோடு கம்பெனிக்கு வந்தாள். முந்திரி போட்டிருந்தாள். பின்பக்கம் திரும்பியதுமே வீரராகவன் நின்றுவிட்டான். உலையின் இரைச்சல் கேட்கவில்லை.

“நீ இங்கியே நில்லு. கிட்ட வராத” என்று கத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

பெரிய குழாயின் மூடி திறந்திருந்தது. அதன்மேல் தலையைச் சாய்த்து, அலுத்துப்போனவர் தூங்குவது போல அன்வர் பாஷா கிடந்தார். ஒரு கையில் தார் சுரண்டும் தகடு இருந்தது. காலடியில் எரிந்து தீர்ந்த தீக்குச்சிகள் கிடந்தன. வீரராகவன் காஸை மூடினான். அவர் அக்குளில் கை கொடுத்து இழுத்தான். கனத்த உடம்பு. கன்னியம்மாள் தூக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து காலைப் பிடித்தாள். வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்து போட்டபோது அவருடைய உதடு, வெற்றிலை போட்ட பெண்ணின் உதடு மாதிரி, நல்ல சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்பை அவள் பிற்பாடு கனவில்கூடக் கண்டாள்.

அவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு வீரராகவன் உலைக்குத் திரும்பினான். நடந்ததை அவன் தீக்குச்சிகளிலிருந்தே படித்துவிட்டான். மழையில் கரி நனைந்து தீ சோர்ந்திருக்கிறது. அவர் சின்னவனைக் கேட்டிருக்கிறார். குத்துவதற்குக் குச்சி இல்லை. திறந்தார், கொளுத்தினார், எரியவில்லை. காஸ் வரவில்லை என்று நம்பி மூடியைத் திறந்தார். வந்துகொண்டிருந்தது.

அவன் சின்னவனின் வாயை நகத்தால் கீறினான். உலைச் சூட்டில் காரையாக இறுகிப்போன சந்தனம், குழாய் அளவுக்கு ஒரு திரியாக வெளியே வந்தது.

வேறு குச்சியே அவருக்குக் கிடைக்கவில்லையா என்று கன்னியம்மாள் பல நாள் யோசித்திருக்கிறாள். கம்பெனியில் துடைப்பம் இல்லையா, வேப்பமரத்தில் குச்சி இல்லையா? ஒருவேளை அவருக்கு அது தோன்றவே இல்லையோ என்னவோ. எப்போதும் காதில் இருப்பதை மனிதன் தேடிப் பழகியிருப்பானா? பூசையில் வைத்தது பத்தடி தூரத்தில்தான் இருந்தது. பலகையைத் தாண்டி அவர் போயிருக்கிறார். கை நீட்டவில்லை.

வீரராகவன் அந்தச் சந்தனத் திரியை உள்ளங்கையில் வைத்து உலகநாதன் முன்னால் நீட்டியபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

“மேஸ்திரி, சின்னவன் வாய்ல இது அடச்சிக்கினு இருந்துச்சி. பூசினது நான். பாய் மேல தப்பு கெடையாது.”

உலகநாதன் அதை வாங்கிப் பார்த்தார். விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினார். அது தூளாகிப் போயிற்று.

“சாமிக்குப் பூசின சந்தனத்தால ஆளு உழுந்தான்னு சொல்றியா? வாய அடக்கு. மொதலாளி காதுல உழுந்தா இனி பூசையே வேணாம்பாரு. அவன் தூங்கிட்டான்டா. அவ்ளோதான்.”

“தூங்கல மேஸ்திரி. தகடு கைல இருந்துச்சி.”

“தூங்கிட்டான்னு சொன்னேன்.”

அவன் விடவில்லை. பிட்டரிடம் சொன்னான், பாட்டில் ஊதுகிறவர்களிடம் சொன்னான், கணக்கரிடம் சொன்னான். உண்மையைச் சொன்னால் யாராவது கோபப்படுவார்கள், அடிக்க வருவார்கள் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. யாருமே கோபப்படவில்லை. பாவம், அதிர்ச்சியில் உளறுகிறான் என்று தோளைத் தட்டினார்கள். கன்னியம்மாளும் அதையேதான் செய்தாள்.

“உன் தலைல நீயே மண்ண வாரிப் போட்டுக்கறியா? யாராவது உன்னக் கேட்டாங்களா?”

“கேக்கலன்னா இல்லன்னு ஆய்டுமா?”

பூசையன்று இரவோடு இரவாக உலைப் பானைகள் எல்லாம் வெடித்துவிட்டன. கம்பெனியைப் பூட்டினார்கள். தூங்கி நஷ்டம் வைத்தவன் என்று அன்வர் பாஷாவின் பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அஷ்ரஃபுன்னிசாவிடமும் அவன் போய்ச் சொன்னான். பூந்தமல்லியில் மசூதித் தெருவுக்குப் பின்னால் அவர்கள் வீடு. அவள் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டாள். மெலிந்த உடம்பு, கூர்மையான நாக்கு.

“தெரிஞ்சி பூசினியா?”

“இல்லக்கா.”

“அப்ப எதுக்கு வந்து சொல்ற? தெரிஞ்சி செஞ்சிருந்தா உன்ன சபிச்சிட்டு நிம்மதியா தூங்குவேன். இப்ப நான் யாரப்பா சபிக்கறது?”

கன்னியம்மாள் முந்தானையில் கட்டிக்கொண்டு போயிருந்த அரிசியை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. “எடுத்துக்கினு போ தங்கச்சி. உன் புருசன் காதுல இப்ப ரெண்டு குச்சி கீதே, அதுல ஒண்ண அன்னிக்கி வெச்சிருந்தா போதும்” என்றாள். வீரராகவனின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. ஒன்று தனக்கு, ஒன்று பாய்க்கு. அதை அவன் யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. அஷ்ரஃபுன்னிசாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்வர் பாஷா பிழைத்து வந்தார். ஆனால் வேறு யாரோ ஒருவர் வந்தது போல இருந்தது. தொந்தி கரைந்துவிட்டது. கை நடுங்கியது. சோற்றை வாயில் வைத்துவிட்டு மெல்ல மறந்துவிடுவார். மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியவில்லை. மனைவியைப் பார்த்து, “அம்மா, தண்ணி” என்றார். ஆனால் வீரராகவனைக் கண்டால் மட்டும் எங்கோ ஒரு கண் திறந்துகொள்ளும்.

“நைனா, இன்னிக்கி யார் மொறை?”

“எம் மொறை பாய்.”

“குச்சி?”

“கீது பாய்.”

“சாமிகிட்ட இருந்து எடுத்துட்டியா? நான் தொடல. சாமிகிட்ட வெச்சத நான் தொடல.”

ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்வார். வீரராகவன் தலையைக் குனிந்துகொள்வான். அப்புறம் அவர் விரலை நீட்டி, குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்வார்.

“பக்ரீத் வருதில்ல. அன்னிக்கி உன் மொறை. எனக்கு ஒரு பகல் பாக்கி கீது. மறந்துடாத.”

மற்றதெல்லாம் அழிந்துபோன அந்தத் தலைக்குள் இது ஒன்று மட்டும் எப்படித் தங்கியது? கன்னியம்மாளுக்கு அது விளங்கவில்லை. கணவனுக்கு அது விளங்க வேண்டியதாகவும் இல்லை. அன்றிலிருந்து அவன் பக்ரீத்துக்காகவே மூச்சு விட்டான். அந்த ஒரு பகலைக் கொடுத்துவிட்டால் போதும், வேறு எதையும் திருப்பித் தர முடியாது, இதை முடியும் என்று ஒரு தடவை சொன்னான்.

பக்ரீத் வந்தது. கம்பெனி பூட்டியே கிடந்தது. விடிந்ததும் அவன் கஞ்சி கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். உச்சிவெயிலில் அவள் கஞ்சியைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு தேடிப் போனாள். காவல்காரன் உள்ளே கையைக் காட்டினான். குளிர்ந்த உலைக்கு முன்னால் வீரராகவன் குந்தியிருந்தான். பர்னரின் கண்களை ஒவ்வொன்றாகக் குத்தி, வாயால் ஊதி, அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தான். துரு அவன் மீசையில் படிந்திருந்தது.

“இன்னாய்யா பண்ற?”

“பாய் மொறை பாக்கறேன்.”

“நெருப்பே இல்லியேய்யா.”

அவன் அடுத்த கண்ணைக் குத்தினான். கஞ்சியைக் குடிக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு பூந்தமல்லிக்கு நடந்தான். அன்வர் பாஷாவுக்குப் புதுச் சட்டை போட்டு, சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள்.

“பாத்துக்கினியா நைனா?”

“பாத்துக்கினேன் பாய். காலைலேந்து பொழுது சாயற வரைக்கும்.”

“எரிஞ்சிதா?”

ஆமாம் என்று சொல்லிவிடு. கன்னியம்மாள் மனசுக்குள் கெஞ்சினாள். ஒரு வார்த்தைதானே, யாருக்குக் கெடுதல்? கதவு நிலையில் நின்ற அஷ்ரஃபுன்னிசாவின் முகத்திலும் அதே கெஞ்சல் இருந்தது போல அவளுக்குத் தோன்றியது. வீரராகவன் தன் கரிக்கையைப் பார்த்தான்.

“இல்ல பாய். அவிஞ்சி கீது.”

அன்வர் பாஷா யோசித்தார். நெற்றி சுருங்கிற்று. பெரிய பாரத்தைத் தூக்குகிறவர் மாதிரி உதட்டைக் கடித்தார்.

“அப்ப அது கணக்குல வராது நைனா” என்றார்.

அஷ்ரஃபுன்னிசா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சிரித்தாளா, அழுதாளா என்று தெரியவில்லை. ஆனால் திரும்பி வந்து, அந்த வருஷத்தில் முதல் தடவையாக, அவர்கள் முன்னால் கறிச்சோறு வைத்தாள். வீரராகவன் ஒரு பிடி எடுத்தான். அப்படியே திரும்ப வைத்துவிட்டான்.

கம்பெனி பிறகு திறந்தது. ஆனால் காஸே வேண்டாம் என்று முதலாளி விறகு உலை கட்டிவிட்டார். இரும்பு உருளையை வெட்டிப் பழைய இரும்பாக வண்டியில் ஏற்றினார்கள். சின்னவனைக் கழற்றி யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். விறகு தள்ள வீரராகவனுக்கு மனசில்லை. எரிகிற காஸ் எங்காவது இருக்கிறதா என்று அம்பத்தூர், ஆவடி என்று அலைந்தான். எரிகிற தீயைக் காவல் காத்தால்தான் கணக்கில் வரும். பைத்தியம் என்று அவன் தம்பி தசரதன் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனான்.

காஸ் கடைசியில் ரோட்டில் கிடைத்தது. பெட்ரோல் பஞ்சத்தில் பஸ்கள் கரி காஸில் ஓடிக்கொண்டிருந்தன. பஸ்ஸின் பின்னால் சின்ன உருளை தொங்கும். கரியைக் கொட்டி, கையால் விசிறி சுற்றிக் கனலவிட வேண்டும். புறப்படுமுன் ஒரு குட்டிக் குழாயைத் திறந்து நெருப்பைக் காட்டி, காஸ் நின்று எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதைக் கண்டதும் வீரராகவனுக்குக் கண் கலங்கிவிட்டதாம். பூந்தமல்லி பஸ் ஒன்றில் கரிபோடும் ஆளாகச் சேர்ந்தான். டிரைவர் நாகப்பன் அவனைக் கேலி செய்து தள்ளுவான்.

“அண்ணாத்தே, பஸ்ஸுக்கு எத்தினி காது குத்துவ? ஜனங்க ஏறி உக்காந்து வயசாயிடிச்சி. மேடு வந்தா எறங்கித் தள்ளணும்ல, தெம்பு வேணாம்?”

“இரு நாகப்பா. குத்தி, தொறந்து, கொளுத்தி... அப்புறம்தான் வண்டி.”

அடுத்த பக்ரீத் நெருங்கியபோது வீரராகவனின் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. வெகு நாளைக்குப் பிறகு முறுக்கு அச்சை எடுத்துக் குத்தினான். அன்வர் பாஷா படுக்கையோடு இருந்தார். பேச்சு குறைந்துவிட்டது. அவன் காதருகே குனிந்து சொன்னான்.

“பாய், இந்தத் தபா எரியற நெருப்பு. காலைலேந்து சாயங்காலம் வரைக்கும் உன் மொறைய நான் பாக்கறேன். வந்து சொல்றேன், கேட்டுக்க.”

அவர் கண்ணைத் திறந்தார். கேட்டதா? இவன் யாரென்று தெரிந்ததா? விரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது. அவன் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பக்ரீத்துக்குச் சில நாள் இருக்கையில் அவர் போய்விட்டார்.

கன்னியம்மாள் உள்ளே பெண்களோடு இருந்தாள். ஆண்கள் வாசலில் கூடியிருந்தார்கள். வாசலுக்கும் உள்ளுக்கும் நடுவில் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அதன் ஓரத்து இடுக்கில் அவளுக்குக் கணவன் தெரிந்தான். தூக்குவதற்கு முன்னால் அஷ்ரஃபுன்னிசாவின் தம்பி ஹபிபுல்லா எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றான்.

“மௌத்தானவரு யாருக்காவது எதுனா குடுக்க வேண்டியது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நாங்க ஏத்துக்கறோம். அவுர கடனோட அனுப்ப வேணாம்.”

அது அவர்கள் வழக்கம். கன்னியம்மாள் அதற்கு முன் கேட்டதில்லை. “ஒண்ணுமில்ல, நல்ல மனுசன்” என்று யாரோ சொன்னார்கள். வீரராகவனின் கை காதுக்குப் போயிற்று. வாய் திறந்தது. ஹபிபுல்லா அவன் பக்கம் திரும்பினான்.

“உனக்கு எதுனா தரணுமா அண்ணே?”

வீரராகவன் இல்லை என்று தலையை ஆட்டினான். அவர் யாருக்குத் தர வேண்டும் என்றுதான் கேட்டார்கள். அவருக்கு யார் தர வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்காத இடத்தில் உண்மையைச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன மனிதன் அவன். வாயை மூடிக்கொண்டான். கபரஸ்தானுக்குப் போகிற கூட்டத்தின் கடைசியில் நடந்தான்.

அந்த பக்ரீத் அன்றும் அவன் பஸ்ஸுக்குப் போனான். மழைத்தூறலில் நனைந்த கரியை உலர்த்தி உலர்த்திப் போட்டு, ஒரு இடத்திலும் வண்டி நிற்காமல் பார்த்துக்கொண்டதாக நாகப்பன் பிற்பாடு சொன்னான். பொழுது சாய்ந்து வந்தவன் கதவடியில் உட்கார்ந்தான். பூந்தமல்லிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். கன்னியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை.

“எரிஞ்சிதா?” என்று கேட்டாள்.

“எரிஞ்சிது. யார்கிட்ட போயி சொல்றது?”

யுத்தம் முடிந்தது. பெட்ரோல் மெல்லத் திரும்பி வந்தது. பஸ் முதலாளிகள் உருளைகளைக் கழற்றி எறிந்தார்கள். வீரராகவனுக்குப் பார்த்துக்கொள்ள நெருப்பு இல்லாமல் போயிற்று. இத்தனை வருஷத்துக் கரி நெஞ்சில் தங்கி இருமலாக வந்தது. வீட்டில் முடங்கினான். கன்னியம்மாள் நாற்று நடப் போய்க் கஞ்சி ஊற்றினாள். அவள் அடுப்பு மூட்டும்போது பக்கத்தில் வந்து உட்காருவான். முன்னைப் போல மஞ்சள், நீலம் என்று சொல்லமாட்டான். வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு தடவை, “நான் அந்தக் குச்சிய வெக்காம இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தான். அன்று சிரித்த கூட்டத்தில் தானும் இருந்தது அவள் நினைவுக்கு வந்தது. அவன் முடிக்கவில்லை. அவளும் எடுத்துக் கொடுக்கவில்லை.

நாற்பத்தாறாம் வருஷத்து ஐப்பசி மழையில் அவன் போனான். அந்த வருஷ பக்ரீத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. கடைசி நேரத்தில் பேச்சில்லை. வலது கை மட்டும் காதுக்கும் காற்றுக்குமாகப் போய்ப் போய் வந்தது.

குளிப்பாட்டும்போது தசரதன் இரண்டு காதிலிருந்தும் குச்சிகளை எடுத்து மழைத்தண்ணீரில் போட்டான். அவை வாசலைத் தாண்டி மிதந்து போவதைக் கன்னியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அஷ்ரஃபுன்னிசா மகள் ரசூல் பீவியோடு வந்து, மழையில் நனைந்தபடி ஓரமாக நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. போகவும் இல்லை.

பாடையைத் தூக்கக் குனிந்தார்கள். கன்னியம்மாள் ஒரு நிமிஷம் காத்திருந்தாள். யாராவது முன்னால் வந்து நின்று கேட்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தங்கள் தெருவில் அப்படிக் கேட்கிற வழக்கமில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்: அன்வர் பாய்க்கு ஒரு பகல்.

யாரும் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள்.